சம்பந்தியின் ஒரு நிமிடம்

என்றும் என் மரியாதைக்குரிய மைத்துனரும் இந்தத் திரையரங்கின் முதலாளியுமான அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும் தங்கள் மேனேஜருமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் தங்கை சுகம், புரொஜெக்டர் சுகம், பின்வரிசை நாற்காலிகளில் பாதி சுகம். அங்கே தாங்களும் தங்கள் ரத்தக்கொதிப்பும் அடங்கியிருக்கிறீர்களா என்று அறிய ஆவல். அடங்காவிட்டால், இதை மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு படிக்கவும்.

விஷயம் என் சம்பந்தியைப் பற்றியது. என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சினிமா என்ற பேச்சே ஆகாது என்பது தாங்கள் அறிந்ததுதான். அவள் மாமனார் ஒரு பிரார்த்தனை மன்றத்துக்குத் தலைவர். ஆபரேட்டர் ரூமில் வீட்டுப்பாடம் எழுதி, புரொஜெக்டர் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்த பெண், கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கட்டடத்துக்குள் காலடி வைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறாள், அம்மாவோடு பேசுகிறாள், போய்விடுகிறாள். நானோ பொழுதெல்லாம் தியேட்டரில் கிடப்பவன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான், புதுப் படம் வருகிற அன்றைக்கு அவள் இல்லாமல் ஹவுஸ்ஃபுல் ஆனாலும் எனக்கு ஹால் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

அப்பேர்ப்பட்ட சம்பந்தி போன மாதம் தியேட்டர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டேன் என்று படியிலேயே நின்றபடி, "படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்க மன்றத்துக்கு ஒரு நிமிஷம் விளம்பரம் போடணும்" என்றார். சினிமாதான் ஆகாதே சம்பந்தி என்றேன். "நோயாளி இருக்கிற எடத்துக்குத்தானே டாக்டர் போகணும்" என்றார். ஜனங்கள் சிரித்துவிட்டுப் போக வருகிற இடமாயிற்றே என்று இழுத்தேன். "சோப்புக்கு எடம் இருக்கு, சாமிக்கு இல்லையா?" என்று கேட்டார். பெண்ணைக் கொடுத்தவன் ஆயிற்றே, மாடு மாதிரித் தலையாட்டிவிட்டேன்.

விளம்பரம் முழுக்கச் சம்பந்தியின் முகம்தான், திரை கொள்ளவில்லை. "கண்களை மூடுங்கள். அமைதியாக இருங்கள். இதோ, இறைவன் உங்களோடு பேசுவான்" என்று கனத்த குரலில் சொல்லிவிட்டு மறைந்துபோகிறார். முதல் நாள் ஜனங்கள் நிஜமாகவே கண்ணை மூடிவிட்டார்கள். நம் ஆபரேட்டர் வரிசையைக் கவனிக்கவில்லை, அதற்கு அடுத்தது மூல நோய் ஆஸ்பத்திரி விளம்பரம். ஹால் முழுக்கக் கண்ணை மூடிக் காத்திருக்க, இருட்டிலிருந்து ஒரு குரல், "உட்கார முடியவில்லையா? வெட்கப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள்" என்றது. ஓடிக்கொண்டிருந்தது பேய்ப்படம் மச்சான், அதற்கு வந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சேதி சம்பந்தி காதுக்குப் போய், "என்னை அசிங்கப்படுத்தறதுக்குன்னே பண்றீங்களா?" என்று போனில் பிடித்துக்கொண்டார். சரி என்று விளம்பரத்தைக் கடைசிக்கு மாற்றி, படத்துக்கு முன்னால் ஒட்டவைத்தேன். படம் ஆரம்பிப்பதே பேயின் அலறலோடு என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் உறைக்கவில்லை. இறைவன் பேசுவான் என்று கண்மூடி உட்கார்ந்திருந்த ஒரு கனத்த மனிதர், அலறல் கேட்டதும் துள்ளிப் பக்கத்து சீட்டு அம்மாவின் மடியில் போய் விழுந்தார். அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதோடு போயிற்றா? கண்ணை மூடிய நேரத்தில் தன் பாப்கார்னை எவனோ காலி பண்ணிவிட்டான் என்று ஒருத்தர் புகார். நான் வேறு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன், மறுநாள் கண்ணை மூடிய எல்லாருடைய பாப்கார்னும் காணாமல் போயிற்று. அதற்குள் எதிர்த்தெருப் பிரார்த்தனைக் கூடத்துக்காரர்கள் வந்து, "அவருக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு ரெண்டு" என்று உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களை அனுப்பித் திரும்பினால் கடவுள் இல்லை என்கிற சங்கத்தார் நிற்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியதும் ஒரே நிமிடம்தானாம், அதில் "கண்ணைத் திற" என்று சொல்வார்களாம். மூடு, திற, மூடு என்று ஆளாளுக்கு அதட்டினால் டிக்கெட் வாங்கியவன் என்னதான் செய்வான்? டிக்கெட் கவுண்டர் அம்மா சொன்னதுதான் சரி: "சோப்பு பிடிக்கலன்னா வேற சோப்பு வாங்கிட்டுப் போயிடுவான் சார். இதுல அப்படி விட்ருவானா? கைகலப்பு வரும்."

ஆகவே தங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. "நம் அரங்கில் இனி எந்த மன்றத்தின் விளம்பரமும் கூடாது" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அதைச் சம்பந்தியிடம் காட்டி, முதலாளி கறார், நான் என்ன பண்ணட்டும் என்று கையை விரித்துவிடுவேன். நானாக நிறுத்தினால் அந்தக் கோபம் என் பெண்ணின் தலையில் விடியும், வீட்டுக்கு வருகிறவளும் வராமல் போவாள். தங்கள் மேல் கோபப்பட்டால் பாதகமில்லை, தாங்கள் ரொம்பத் தூரத்தில் இருக்கிறீர்கள்.

தாங்களும் தங்கள் குடும்பமும் நோய் நொடியின்றி, வசூல் குறையாமல் வாழ வேண்டுமென்று விரும்பும்,

தங்கள் அன்புள்ள மச்சான்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இன்று மாலைக் காட்சிக்கு, விளம்பரம் ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்கச் சம்பந்தி நேரிலேயே வந்துவிட்டார். தனியாக அல்ல, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, என் பெண் என்று குடும்பத்தோடு. விளம்பரம் முடிந்ததும் கிளம்பிவிடுவதாக ஏற்பாடு. திரையில் இருந்த சம்பந்தி கண்ணை மூடச் சொன்னார், சீட்டில் இருந்த சம்பந்தி மூடினார். மூடியவர் திறக்கவே இல்லை. இடைவேளை வரைக்கும் குறட்டை. எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. இப்போது ஓடுவது சிரிப்புப் படம். என் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள், மாப்பிள்ளை தொடையைத் தட்டுகிறார், சம்பந்தியம்மா ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். பக்கக் கதவோரம் நான் நிற்பதை என் பெண் பார்த்துவிட்டாள். உதட்டில் விரலை வைத்து, "அப்பா, சத்தம்" என்று ஜாடை காட்டினாள். மேலே ஓடிப்போய் ஹால் முழுக்க ஸ்பீக்கரைக் குறைக்கச் சொன்னேன். ஜனங்கள் கத்தினார்கள், கத்தட்டும். போகும்போது சம்பந்தியிடம், வாராவாரம் இப்படி நேரில் வந்து பார்த்தால்தான் எங்களுக்கும் பயம் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். ஒத்துக்கொண்டார்.

ஆகவே மச்சான், அந்தக் கையெழுத்து வேண்டாம். மீறி அனுப்பினால் தபாலில் தொலைந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.