ஹாலில் ஒரு குளியலறை

குளியலறையை இடித்து முடித்த மறுநாள் காலையில்தான், புதுக் குளியலறைக்கு இன்னும் பிளானே போடவில்லை என்ற விஷயம் வெளியே வந்தது.

"சார், இடிச்சு மண்ணெல்லாம் அள்ளியாச்சு," என்றார் மேஸ்திரி. "எது எது எங்கெங்க வருதுன்னு சொல்லிட்டீங்கன்னா வேலையை ஆரம்பிச்சுடலாம்."

வீட்டுக்காரரான கிடங்கு மேலாளர் சிரித்தார். நாற்பது லாரிச் சரக்கை ஒரே கூரைக்குக் கீழே அடுக்கிவிட்டு, நடுவில் வண்டி திரும்புவதற்கும் இடம் விடுகிறவர் அவர். எட்டடிக்கு ஐந்தடி அறையில் நாலு சாமான் வைப்பது அவருக்கு ஒரு வேலையா?

"சாயங்காலத்துக்குள்ள பிளான் உங்க கையில இருக்கும்."

"பிளானைப் போட்டுட்டு இடிச்சிருக்கலாமே," என்றாள் மனைவி.

"இடிக்காம இருந்திருந்தா நீ மனசை மாத்திக்கிட்டிருப்பே."

அது உண்மைதான். பன்னிரண்டு வருஷமாக அந்தக் குளியலறையை வீட்டில் எல்லோரும் வாயாரத் திட்டிவந்தார்கள். சரி, மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னால் மட்டும், மகளுக்குப் பரீட்சை முடியட்டும், மழை ஓயட்டும் என்பார்கள். அதனால்தான் மனைவியும் மகளும் மாமனாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்த வெள்ளிக்கிழமை, மேஸ்திரியை வரவழைத்து ஒரே மூச்சில் காரியத்தை முடித்தார்.

விளைவு, வீட்டில் நாலு பேர், குளியலறை பூஜ்யம். மாடி வீட்டம்மா பெரிய மனசு பண்ணித் தன் குளியலறையைக் காலை ஆறு முதல் ஏழு வரை விட்டுக்கொடுத்திருந்தார். தலைக்குப் பதினைந்து நிமிஷம். மாமனாருக்கு அது பல் தேய்க்கவே காணாது.

சனிக்கிழமை மதியத்துக்குள் மேலாளர் கட்டம்போட்ட தாளில் பிளானை வரைந்துவிட்டார். மனைவி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வட்டம் என்ன, அடுப்பா?"

"வாஷ்பேசின்."

"அப்ப இந்த முட்டை?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். காகிதத்தில் காட்டினால் புரியாதவர்களுக்குத் தரையில் காட்டுவதுதான் வழி. சோபாவை பால்கனிக்குத் தள்ளினார். ஹாலில் சாக்பீஸால் எட்டடிக்கு ஐந்தடி கோடு கிழித்தார். இடம் கொள்ளாததால் அறையைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. கதவு டிவி பக்கம் வந்தது, ஜன்னல் சமையலறைப் பக்கம் போனது. பிளாஸ்டிக் நாற்காலிதான் டாய்லெட். ஸ்டூல் வாஷ்பேசின். கிடங்கிலிருந்து கொண்டுவந்த பெரிய அட்டைப்பெட்டி வாஷிங் மெஷின். உத்தரத்துக் கொக்கியில் விரித்துக் கட்டிய குடை, ஷவர்.

"இப்ப ஒவ்வொருத்தரா உள்ள போய்ப் பாருங்க. குறை இருந்தா சொல்லுங்க," என்றார். வீட்டில் இதைச் சொல்லக் கூடாது என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை.

மனைவி கதவுக் கோட்டருகே நின்றாள். "கதவைத் திறந்ததும் நேரா நாற்காலி. வீட்டுக்கு வர்றவங்களுக்கு இதான் வரவேற்பா?"

நாற்காலி இடம் மாறியது. அதற்கு வழிவிட ஸ்டூல் நகர்ந்தது. மாமனார் உள்ளே போய்ப் பல் தேய்ப்பது போலக் குனிந்தார்.

"மாப்பிள்ளை, பின்னாடி சுவர் இடிக்குது."

"சுவர் எங்க இருக்கு மாமா? கோடுதானே!"

"கோட்டைத் தாண்டிட்டேன்ல? அப்ப இடிச்ச கணக்குத்தான்."

ஸ்டூல் மறுபடி நகர்ந்தது, அதற்காக நாற்காலியும் நகர்ந்தது. இப்போது நாற்காலி குடைக்கு நேர் கீழே வந்துவிட்டது.

"உட்கார்ந்தா நனைஞ்சிடுவேன்பா," என்றாள் மகள். குடையை அவிழ்த்து வேறிடத்தில் கட்டியதும், "வாஷ்பேசினுக்கு மேல வர்ற கண்ணாடிக்கு வெளிச்சம் வரலை. தலை சீவறது எப்படி?" என்றாள். கண்ணாடிக்காக ஸ்டூலை நகர்த்தினால் அட்டைப்பெட்டி கதவைத் திறக்க விடவில்லை. பெட்டியை நகர்த்தினால் மாமனார் மறுபடி சுவரை இடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் இதே கதைதான். மதியம் பார்சல் கொண்டுவந்தவர் திறந்திருந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்து, கோட்டின் மேல் காலை வைத்தார்.

"ஏம்பா, கதவைத் தட்டிட்டு வரக் கூடாதா?" என்று உள்ளேயிருந்து சீறினார் மாமனார். "ஆள் குளிச்சிக்கிட்டிருக்கறது தெரியலை?"

ஹாலின் நடுவில், விரித்த குடைக்கு அடியில், தோளில் துண்டோடு நிற்கும் பெரியவரைப் பார்சல்காரர் ஏற இறங்கப் பார்த்தார். பார்சலை அங்கேயே வைத்துவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் படியிறங்கி ஓடிவிட்டார்.

சாயங்காலம் மாடி வீட்டம்மா வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. புதன்கிழமை எங்கக்கா குடும்பத்தோட வர்றா. பத்து நாள் இருப்பாங்க. அதுக்கப்புறம் பாத்ரூம் தர்றது கஷ்டம்."

அவர் மேலே ஏறிப் போகும்போதே மேஸ்திரி போன் செய்தார். "காலைல பிளான் கிடைச்சா ரெண்டு நாள்ல டாய்லெட்டையாவது உட்கார வச்சுடுவேன் சார். இல்லேன்னா அடுத்த சைட்டுக்குப் போயாகணும். திரும்பி வர மூணு வாரம் ஆகும்."

போனை வைத்த மேலாளர் நிமிர்ந்தபோது, மூன்று ஜோடிக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னங்க பண்றது?" மனைவியின் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைக் கொஞ்சம் உலுக்கியது.

ஆனால் அசந்துபோகிற ஆளா அவர்? சட்டைக் கையை மடித்துவிட்டார். எல்லாச் சாமானையும் கோட்டுக்கு வெளியே எடுத்து வைத்தார். கிடங்கில் புதிதாகச் சரக்கு இறங்கினால் செய்வது போல, காலி இடத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தார். அவர் கையில் தயக்கமே இல்லை.

மனைவி கதவுக் கோட்டருகே நின்று பார்த்தாள். நாற்காலி கண்ணில் படவில்லை. மகள் கண்ணாடிமுன் நின்றாள். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. மாமனார் குனிந்தார், நிமிர்ந்தார், எதுவும் இடிக்கவில்லை. குடைக்கடியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

"சோப்பு கண்ணுல போயிருக்குன்னு வச்சுக்கோ. குழாய் எங்கன்னு தேடவே வேணாம், கை தானாப் போகுது! மாப்பிள்ளை, மூளைன்னா இதுதான்!"

"சூப்பர்ப்பா!" என்றாள் மகள்.

மனைவி ஒருமுறை உள்ளே நடந்து பார்த்துவிட்டு வந்தாள். "நிஜமாவே நல்லாத்தாங்க இருக்கு," என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை. சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு சாமானைச் சுற்றியும் அழுத்தமாகக் கோடு போட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே மேஸ்திரி வந்துவிட்டார். டேப்பைப் பிடித்துக் கோடுகளை அளந்தார். எழுந்து போய் இடித்த அறையைப் பார்த்தார். திரும்பி வந்து, தலையைச் சாய்த்து மறுபடி கோட்டைப் பார்த்தார். பிறகு மறுபடி உள்ளே போனார்.

"என்ன மேஸ்திரி, பைப் லைனெல்லாம் மாத்த வேண்டியிருக்குமா?"

"ஒரு அங்குலம்கூட மாத்த வேணாம் சார். எல்லாம் கச்சிதமாப் பொருந்துது."

மேலாளர் குடும்பத்தைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? பழைய பைப்புக்கே பொருந்தற மாதிரி ஒரு புது பிளான்! எத்தனை பேருக்கு இது வரும்?"

மேஸ்திரி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"பொருந்தாம எங்க சார் போகும்? வெள்ளிக்கிழமை நான் இடிச்சுப் போட்டது அச்சு அசல் இதைத்தானே!"