அடுப்படிச் சுவரில் ஒரு ஃபேன்

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் காலையில், அடைக்கலசாமி தன் வீட்டுச் சுவரை உடைப்பதென்று முடிவு செய்தார்.

தலையில் மஃப்ளர், மஃப்ளருக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் போர்வை என்று ஒரு மூட்டையாக அடுப்படி வாசலில் வந்து நின்றார். அரியலூரில் வெயில் காலத்தில் கல் உருகும். அதனாலேயோ என்னவோ, கொஞ்சம் பனி விழுந்தாலும் இவருக்குத் தாங்காது.

"மேரி, இந்த வூட்ல பெரிய அநியாயம் நடக்குது."

அமலோற்பவமேரி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "என்ன அநியாயங்க?"

"அடுப்படி கொதிக்குது. பக்கத்து ரூம்ல நான் நடுங்குறேன். நடுவுல ஒரே ஒரு செவுரு. இந்தப் பக்கம் சூடு வீணாப் போவுது, அந்தப் பக்கம் புருஷன் வீணாப் போறான்."

"அதுக்கு?"

"செவுத்துல ஓட்டை போட்டு ஒரு ஃபேன் வெச்சா, இங்க இருக்குற சூட்டை அங்க இழுத்துடலாம்."

அடைக்கலசாமி ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் ஃபிட்டர். சூளையில் மிச்சமாகிற சூட்டை ராட்சஸ ஃபேன் வைத்து இழுத்து, ஈரக் கல்லைக் காயவைக்கிற பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்ப்பவர். கல்லுக்குக் கிடைக்கிற மரியாதை கட்டின புருஷனுக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்பது அவர் வாதம்.

"புகை வெளிய போக ஒரு ஃபேன் வையுங்கன்னு கல்யாணமான நாளாக் கேட்டேன். செவுரு பலம் போயிடும்னீங்க."

"அது வெளிச்செவுரு. அது வேற பலம், இது வேற பலம்."

இவ்வளவும் அவர் வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு.

ஒரு வாரமாகப் பக்கத்து வீட்டுக் கலியம்மாள் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் அடுப்படிக்கு வந்துவிடுகிறாள். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். இவர் தலை தெரிந்ததும், "வெங்காயம் என்ன வெலைக்கா?" என்று கலியம்மாள் கேட்கிறாள். கலியம்மாள் வீட்டு வயலிலேயே ஒண்ணரை ஏக்கர் சின்ன வெங்காயம் நிற்கிறது. வெங்காயம் விளைவிக்கிறவள், வாங்கித் தின்கிறவளிடம் விலை கேட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு அடைக்கலசாமிக்கு மூளை இருந்தது. அதற்கு மேல் இருந்ததா என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

பூமாலைக் கொத்தனார் வந்து அரைநாளில் ஓட்டை போட்டார். வேலை முடிந்ததும் அதன் வழியாக எட்டிப் பார்த்து, "சார், சூடு வர்ற வழியா பேச்சும் வரும், பாத்துக்குங்க" என்றார்.

"யோவ், சத்தமா சொல்லாதய்யா!" என்று அடைக்கலசாமி அவர் வாயைப் பொத்தாத குறை.

அன்று மாலை ஃபேன் ஓடியது. கடகடவென்று தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம். ஆனால் சூடு வந்தது. கட்டிலில் காலை நீட்டி, ஆலையின் மேனேஜரே தான்தான் என்கிற நினைப்பில் அடைக்கலசாமி கண்ணை மூடினார். அந்தப் பக்கம் மேரி குழம்புக்கு எண்ணெயில் பத்து வரமிளகாயைக் கிள்ளிப் போட்டாள்.

ஃபேன் பாரபட்சம் பார்க்கவில்லை. மிளகாய் நெடி மொத்தத்தையும் இழுத்து அவர் மூக்கில் சேர்த்தது. பதினேழு தும்மல்.

"சூடு வருதுங்களா?" என்று ஓட்டை வழியாகக் குரல் வந்தது.

"வரு... அச்! வருது!"

ஆறு மணிக்குக் கலியம்மாளின் கொலுசுச் சத்தம் கேட்டது. அடைக்கலசாமி எழுந்து ஃபேனை நிறுத்தினார். கட்டில் மேல் ஏறி நின்று, காதை ஓட்டையில் பொருத்தினார்.

"அக்கா, கார்டு வந்துடுச்சாமே?"

"வந்துடுச்சு கலியம்மா. எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சு பதிமூணு வருஷம். வர்ற இருவத்திரெண்டாந்தேதி பெரம்பலூர்ல கவுன்சிலிங். டீச்சர் வேலை."

முதல் அதிர்ச்சி. அடைக்கலசாமிக்குக் கட்டில் ஆடியது. மேரி டீச்சர் டிரெயினிங் படித்தவள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எப்போதாவது அவள் வேலைப் பேச்சை எடுத்தால், "நான் சம்பாதிக்கிறது போதாதா? எனக்கு யாரு சோறு போடுவா?" என்று கண்ணைக் கசக்குவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"அண்ணன் விடுவாரா?"

"இந்தத் தடவை விடலேன்னாலும் போயிடுவேன். எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேன். எந்த ஊருங்கிறதுதான் பாக்கி. விக்கிரமங்கலம் இருக்கு, ஆலத்தியூர் இருக்கு. எனக்கு ஆலத்தியூர்தான் இஷ்டம். ஃபேக்டரி கேட்டுக்கு நேர் எதுத்தாப்ல பள்ளிக்கூடம். அவரோட ஒரே பஸ்ல போயி ஒரே பஸ்ல வரலாம். மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடலாம்."

இரண்டாவது அதிர்ச்சி. இதற்கு முன்னால் முதலாவது ஒன்றுமே இல்லை.

மத்தியானச் சாப்பாடு என்பது அடைக்கலசாமியின் வாழ்க்கையில் இருந்த ஒரே ரகசியம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து மேரி விடியற்காலையில் எழுந்து கேழ்வரகுக் களியும் கீரைக் கூட்டும் பாகற்காயும் கட்டிக் கொடுக்கிறாள். அந்த டப்பா நேராக வாட்ச்மேன் கருப்பண்ணனிடம் போகும். அடைக்கலசாமி நேராகப் பரோட்டாக் கடைக்குப் போவார். நாலு பரோட்டா, சால்னா, முடிவில் ஒரு ஜிலேபி. சாயங்காலம் கழுவின டப்பாவோடு வந்து, "இன்னிக்குக் கீரை பிரமாதம் மேரி" என்பார்.

கட்டிலிலிருந்து இறங்கியபோது அவருக்கு வேர்த்திருந்தது. மார்கழியில் அவருக்கு வேர்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் இட்லித் தட்டின் முன் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"மேரி, நீ ஏன் ஒரு வேலைக்குப் போகக்கூடாது?"

மேரியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே."

"படிச்ச படிப்பு வீணாப் போகலாமா? ஒரு விக்கிரமங்கலம் மாதிரி ஊர்ல, நாலு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தா..."

"ஏங்க விக்கிரமங்கலம்?"

"சும்மா. வாயில வந்துச்சு."

"ஏன், உங்க ஆலத்தியூருக்கு என்ன கொறச்சல்?"

"தூசி! ஒரே சிமென்ட்டுத் தூசி! அங்க போயி நீ வாயத் தொறந்து பாடம் நடத்துனா, சாயங்காலம் வாய் இறுகிப் போயிடும்."

"உங்களுக்கு இறுகலையே?"

"நான் எங்க அங்க வாயத் தொறக்குறேன்?" பரோட்டா நினைவு வந்து அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

மேரி கார்டு வந்த விஷயத்தை அப்போதுதான் சொல்வது போலச் சொன்னாள். அவரும் அப்போதுதான் கேட்பது போல, "அப்பிடியா!" என்று வாயைப் பிளந்தார். தன் நடிப்புத்தான் நன்றாக இருந்தது என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று மாலை மறுபடியும் ஃபேன் நின்றது. கட்டில் மேல் அடைக்கலசாமி.

"விக்கிரமங்கலம்னா காலைல ஆறே முக்கால் பஸ்ஸைப் புடிக்கணும் கலியம்மா. யாரு சமைப்பா? ஆலத்தியூர்னா ஒம்போது மணிக்குப் போனா போதும். சமையலை முடிச்சிட்டு நிதானமாக் கெளம்பலாம். அவரு சமைக்கிறேன்னு எங்கண்ணன் முன்னாடி சொன்னா விக்கிரமங்கலம். இல்லேன்னா ஆலத்தியூர்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வரதராஜன்பேட்டையிலிருந்து மேரியின் அண்ணன் செபஸ்டின் வந்தார். அவரும் வாத்தியார். தங்கச்சிக்காகச் சண்டை போட வேண்டியிருக்கும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தவர், உட்கார்ந்து காப்பித் தம்ளரை எடுப்பதற்குள் அடைக்கலசாமி எழுந்து நின்றார்.

"மச்சான், உங்க தங்கச்சி வேலைக்குப் போவணும். விக்கிரமங்கலத்துக்குத்தான் போவணும். காலைச் சமையல், ராத்திரிச் சமையல், பாத்திரம் கழுவுறது எல்லாம் என் பொறுப்பு."

காப்பி செபஸ்டினின் மடித்துக் கட்டிய வேட்டியில் கொட்டியது. பாத்திரத்தை யாரும் கேட்கவில்லை என்பது அடைக்கலசாமிக்குப் பிறகுதான் உறைத்தது.

"மாப்ள, நெசமாவா சொல்றீங்க?"

"மாதா மேல சத்தியம்!"

மேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அழுகிறாள் என்று நினைத்தார் அடைக்கலசாமி. தானும் லேசாகக் கண் கலங்கினார்.

இருபத்திரண்டாம் தேதி அரைநாள் லீவு போட்டுவிட்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து மேரி ஆர்டரோடு இறங்கினாள்.

"விக்கிரமங்கலம்தாங்க."

அடைக்கலசாமி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பரோட்டா பிழைத்தது. வீட்டுக்கு வந்து சேர்கிற வரைக்கும் அவர் கால் தரையில் படவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை விட்டார்.

"ஆமா, அந்த ஆலத்தியூர யாரு எடுத்தா, பாவம்?"

மேரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"ஆலத்தியூரா? லிஸ்ட்ல ஆலத்தியூரே இல்லீங்களே."

"இல்லியா? ஃபேக்டரி கேட்டுக்கு எதுத்தாப்ல இருக்கே பள்ளிக்கூடம், அதுல..."

பாதியில் நின்றார். ஃபேக்டரி கேட்டுக்கு எதிர்த்தாற்போல இருப்பது ஒரு பஞ்சர் கடை. பதினோரு வருஷமாகத் தினமும் பார்க்கிறார். பஞ்சர் கடை, அதை ஒட்டி ஒரு புளியமரம். பள்ளிக்கூடம் எங்கே இருந்தது அங்கே?

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கட்டா? நீங்க ஃபேன் வெச்சது காத்துக்கா, காதுக்கா?"

மூன்றாவது அதிர்ச்சிக்கு அடைக்கலசாமியிடம் தும்மல்கூட இல்லை.

"குளுரு தாங்கலேன்னு ஃபேன் வெச்ச மனுசன், கலியம்மா வந்தா மட்டும் ஃபேனை நிறுத்துறாரு. அவ போனதும் போட்டுக்குறாரு. கொத்தனார் சொன்னது எங்காதுலயும் விழுந்துச்சு, மொத நாளே தெரிஞ்சுபோச்சு. அதான், கேக்க ஆசப்படுறவருக்கு ரெண்டு வார்த்த சத்தமாப் பேசுனோம்."

"அப்ப... மத்தியானச் சாப்பாடு..."

"கருப்பண்ணன் அண்ணனோட சம்சாரத்தைச் சந்தையில பாத்தேன். கையப் புடிச்சிக்கிட்டு விடல. 'ஒங்க கீரை புண்ணியத்துல எங்கூட்டுக்காரருக்குச் சக்கரை எறங்கிடுச்சு மேரிம்மா'ன்னாங்க."

அடைக்கலசாமி கட்டிலில் உட்கார்ந்தார். தன் சர்க்கரைக்கு வைத்தியம் பார்த்து ஒரு வாட்ச்மேன் குணமாகியிருக்கிறான்.

மேரி சிரிக்கவில்லை. ஆர்டரை மடியில் வைத்து, விரலால் நீவிக்கொண்டே சொன்னாள். "மூணு வருசத்துக்கு ஒருதரம் பதிவப் புதுப்பிக்கணுங்க. ஒங்ககிட்ட பல்லுவலின்னு சொல்லிட்டுப் போவேன். நாலு தடவ போனேன்."

நாலு பல்வலியும் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்காகக் கஞ்சி வைக்கச் சொல்லி அவளிடமே சொன்னதும் ஞாபகம் இருந்தது. அவள் வாயில் முப்பத்திரண்டு பல்லும் அப்படியே இருந்ததை மட்டும் ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை. எழுந்து போய் அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். மேரி அதை வாங்கி முழுக்கக் குடித்தாள்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் அவள் விக்கிரமங்கலம் போகத் தொடங்கினாள். ஆறே முக்கால் பஸ்ஸுக்கு முன்னால் களி கிண்டி, கீரை கடைந்து, இரண்டு டப்பா கட்டினார் அடைக்கலசாமி. தன் கையாலேயே கிண்டின களியைக் கருப்பண்ணனுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. தானே தின்றார். கருப்பண்ணன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை, பூமாலைக் கொத்தனாரை அழைத்துவந்து சுவர்முன் நிறுத்தினார். மேரி அந்தப் பக்கம் கட்டிலில் சாய்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். கலியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேரி, இந்த ஓட்டைய அடைச்சிடலாம்னு இருக்கேன்."

"அண்ணே, ஒங்க பேர மாத்திக்கிட்டு அப்புறமா அடைங்க" என்றாள் கலியம்மாள். "இப்போதைக்கு 'அடைக்கல'ன்னுதானே இருக்கு!"

பூமாலைக் கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மேரி சிவப்பு மைப் பேனாவை மூடிவைத்தாள்.

"ஓட்டை இருக்கட்டுங்க. ஃபேனை மட்டும் திருப்பி மாட்டச் சொல்லுங்க. மாசி வந்தா வெக்கை ஆரம்பிச்சிடும், அடுப்படியில நிக்கிற ஒங்களுக்குக் காத்து வேணாமா?"