கோட்டைக்குள் ஒரு விருந்தாளி

உள்ளே ஒருவன் இருந்தான்.

கேமராக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தார். ஊருக்குள் இரண்டு பேர் என்றது திரை. ஒன்று அவர். இன்னொன்று ‘விருந்தாளி’.

அவர் யாரையும் விருந்துக்குக் கூப்பிடவில்லை.

கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது அவர் தொழில். ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே நுழைகிறவர்களைப் பதிவுகளில் நிறையப் பார்த்திருக்கிறார். அதில் ஒருவன்கூட விருந்தாளி இல்லை.

இந்தச் சர்வரை அவரே அமைத்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் பெட்டி. செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் இடம். கட்டை மேல் கட்டை அடுக்கி வீடு கட்டி, நிலம் தோண்டி, ஊர் உண்டாக்குகிற விளையாட்டு. அவரவர் வீட்டிலிருந்தே பலபேர் அதற்குள் நுழையலாம். அந்த ஊர் மொத்தமும் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும்.

செய்முறையை மனைவி வாசித்தாள், அவர் தட்டினார். அவள் பள்ளிக்கூட டீச்சர். எந்த டீச்சராவது லீவு போட்டால், அந்த வகுப்பு காலியாக இருக்காதபடி வேறு ஒருவரைப் பிடித்து உட்காரவைப்பது பள்ளியில் அவள் பொறுப்பு. வாசிக்கச் சொன்னால் ஒரு வரி விடமாட்டாள்.

“வாசல் எண்ணை மட்டும் மாத்திக் குடுத்தா, இதே பெட்டியில இன்னொரு உலகமும் ஓடுமாம்.”

“நமக்கு எதுக்கு ரெண்டு? ஒண்ணைக் கட்டி மேய்க்கறதே பெரும்பாடு. அடுத்ததைப் படி.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததைப் படித்தாள்.

கேமராக்காரரின் ஆசை ஒன்றும் பெரிதில்லை. குடும்பத்தில் யாருக்கு என்ன என்றாலும் எல்லோரும் கூடுவது சகலை வீட்டில்தான். சகலை வீட்டில் கூடம் பெரிது, சகலையின் குரல் அதைவிடப் பெரிது. கேமராக்காரருக்கு எப்போதும் வாசலோரத்து நாற்காலி. எல்லோரும் ஒரு தடவையாவது தன் இடத்துக்கு வரவேண்டும், தன்னைக் கேட்டு உட்காரவேண்டும். சர்வர் அதற்காகத்தான்.

வரவும் செய்தார்கள். மனைவியின் தம்பி, சலூன் வைத்திருக்கும் மச்சான். மனைவியின் அக்கா புருஷன், பஸ் ஓட்டும் சகலை. மாடியில் கிளினிக் நடத்தும் பல் டாக்டர். ஆரம்பத்தில் ஒரே கும்மாளம்தான்.

அப்புறம் அவர் சட்டம் போட்டார். மரம் வெட்ட அனுமதி. வீடு கட்ட வரைபடம். தெருவுக்கு ஒரு கண்காணிப்புக் கோபுரம், கோபுரத்தின் மேல் அவர். கேட்காமல் மச்சான் வைத்த ஜன்னலை மச்சான் கண்ணெதிரே இடித்தார்.

அதற்குப் பிறகு மச்சான் கடையில் கூட்டம் தாங்கவில்லை. சகலைக்கு ட்யூட்டி மாறிவிட்டது. டாக்டருக்குக் கழுத்து வலி. ஊர் காலியானது.

காலியான ஊருக்குள்தான் இந்த விருந்தாளி.

“யார் நீ?” என்று தட்டினார்.

“வணக்கம். நல்ல ஊர்,” என்று பதில் வந்தது.

“உள்ள எப்படி வந்த?”

“வாசல் வழியா.”

திமிர்.

சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி கேட்டாள். “இன்னிக்கு யாராச்சும் வந்தாங்களா?”

அவர் கை தட்டிலேயே நின்றது. “வந்தாங்கன்னு உனக்கு யார் சொன்னா?”

“வந்தாங்களான்னுதானே கேட்டேன்?”

“இத்தனை நாள் கேக்காதவ இன்னிக்கு ஏன் கேக்கற?”

“சரி, கேக்கல. சாப்பிடுங்க.”

அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

முதல் வேலையாகச் சர்வருக்குக் கடவுச்சொல் போட்டார். மூன்று பேருக்கு மட்டும் போன் செய்து சொன்னார். “வேற யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது.” மூன்று பேரும் சரியென்றார்கள். மறுநாள் விருந்தாளி கடவுச்சொல் போட்டுக்கொண்டு கம்பீரமாக உள்ளே வந்தான்.

கேமராக்காரர் கோபுரத்தின் மேல் நின்று அவனைக் கவனிக்கத் தொடங்கினார். ஆள் நிலையில்லாதவனாக இருந்தான். ஒருநாள் ஊரில் இருந்த வேலிச் செடிகளையெல்லாம் பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தான். இன்னொரு நாள் செடிப் பக்கமே போகவில்லை. பெரிய தெருவில் இடதுபுறமாகவே நடந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கொஞ்சம் காத்திருந்து, கிளம்பினான். அடுத்த நாள் கோட்டைச் சுவரில் ஒரு சின்ன ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை இன்னும் கொஞ்சம் குடைந்து, சுத்தம் செய்து, வெள்ளைக் கல்லால் அடைத்தான்.

‘ஒரே ஆள், நாளுக்கொரு புத்தி. இவன் ரொம்ப ஆபத்தானவன்,’ என்று முடிவு கட்டினார்.

கடவுச்சொல்லை மூவரில் ஒருவர்தான் விற்றிருக்க வேண்டும். யார்? பொறி வைத்தார். மச்சானிடம், “உங்கிட்ட மட்டும் சொல்றேன், கோட்டைக்குப் பின்னால புதையல் வச்சிருக்கேன்,” என்றார். சகலையிடம் பாலத்துக்கு அடியில் என்றார். டாக்டரிடம் சொல்ல மாடிக்கே போனார். டாக்டர் ஒரு வாய்க்குள் குனிந்திருந்தார். உதவிக்கு இருக்கும் பெண் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தனியா ஒரு விஷயம் டாக்டர்.”

“பரவால்ல சொல்லுங்க. இவர் வாய் மரத்துப்போயிருக்கு, யார்கிட்டயும் சொல்ல மாட்டார்.”

“கிணத்துக்குள்ள புதையல்.”

உதவியாளர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். குழாய் சிரித்த மாதிரி ஒரு சத்தம் போட்டது.

மூன்று இடத்திலும் அவர் ஒரு பெட்டியைப் புதைத்து, உள்ளே ஒரு ரொட்டியை வைத்தார். எந்தப் பெட்டி திறக்கிறதோ அந்த ஆள் துரோகி.

முதலில் கோட்டைக்குப் பின்னால் தோண்டப்பட்டது. உடனே மச்சானுக்குப் போன் போட்டார்.

“மாட்டிக்கிட்டியாடா? புதையலை எடுத்தது யாரு?”

“என்ன மாமா, கஸ்டமர் பாதித் தலையோட உக்காந்திருக்காரு. ஒரு ரொட்டிக்கா இவ்வளவு சத்தம்?”

“உள்ள இருந்தது ரொட்டின்னு நான் சொல்லவே இல்லையே.”

மறுமுனையில் கத்தரி நின்றது. “ரேஸரை வச்சுக்கிட்டு பொய் சொல்லக் கூடாது மாமா. அப்புறம் பேசறேன்,” என்று வைத்துவிட்டான்.

மச்சானைச் சர்வரிலிருந்து தடை செய்தார். அடுத்த நாள் பாலத்துக்கு அடியில் தோண்டப்பட்டது. 

“சகல, பொறாமைல என் ஊருக்குள்ள ஆள் அனுப்பறீங்களா?”

“நானா? உங்க காஞ்ச ரொட்டி யாருக்கு வேணும் சகல?” என்று சகலை போனே தேவைப்படாத குரலில் கத்தினார். கத்திய பிறகுதான் யோசித்தார் போலிருக்கிறது, லைன் துண்டானது.

சகலைக்கும் தடை. அதற்கு அடுத்த நாள் கிணற்றுப் பெட்டியும் காலி. அதில் ரொட்டி இருந்த இடத்தில் விருந்தாளி ஒரு வெள்ளைக் கல்லை வைத்து அடைத்திருந்தான்.

ஆக ஒருவன் இல்லை, மூன்று பேர். மூன்று பேருக்கு ஒரே முகமூடி. ஒவ்வொருவனாக முறைபோட்டு வந்து நோட்டம் பார்க்கிறார்கள். எதற்கு? வேறெதற்கு, ஊரைப் பிடிக்கத்தான். ஊரை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய்ச் சகலை வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டால், கேமராக்காரருக்குப் பழையபடி வாசலோரத்து நாற்காலி.

அன்றைக்கு விருந்தாளி போன பிறகும் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தார். சுட்டது. ஊரில் அவரைத் தவிர ஈ காக்கை இல்லை. பெட்டி மட்டும் கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி கொதிக்கிறது. உள்ளே என்னமோ ஓடுகிறது.

ப்ளக்கைப் பிடுங்கினார்.

“ஐயோ!” என்று உள்ளறையிலிருந்து மனைவி அலறினாள். மாடியில் யாரோ தரையை உதைத்தார்கள்.

அவர் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். “என்ன ஆச்சு?”

“எறும்பு கடிச்சிருச்சு.”

“கதவை ஏன் சாத்தியிருக்க?”

“பேப்பர் திருத்தறேன். டி.வி. சத்தம் கேக்குது.”

“டி.வி. ஓடலையே.”

“அதான் இப்ப நல்லா இருக்கு,” என்றாள்.

பேப்பர் திருத்துகிறவள் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பு ஒருதரம் கேட்டிருந்தார். “பசங்க எழுதியிருக்கறதைப் படிச்சா நீங்களும் சிரிப்பீங்க,” என்றாள். அவள் நடத்துவது கணக்கு.

மறுநாள் விடிந்ததும் ப்ளக்கை மறுபடி மாட்டிவிட்டு, செருப்பு ஸ்டாண்டுக்கு எதிரே கேமரா பொருத்தினார். திருடன் வருவது வாசல் வழியாகத்தான் என்கிற தொழில் பழக்கத்தில் கேமராவை வாசலுக்குத் திருப்பி வைத்தார். பெட்டி படத்தில் ஓரமாகத்தான் விழுந்தது. கூடவே அனுமதிப் பட்டியல் ஒன்று போட்டார். பட்டியலில் இல்லாத பெயர், கடவுச்சொல் தெரிந்தாலும், உள்ளே வரமுடியாது. பட்டியலில் ஒரே பெயர். அவருடையது.

சாயங்காலம் விருந்தாளி வந்தான். வேலிச் செடி வளர்ந்துவிட்டதென்று மறுபடி ஓரம் வெட்டினான்.

கேமராக்காரர் கேமராப் பதிவை ஓட்டினார். வாசல் வழியாக யாரும் வரவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் மனைவி மட்டும் பெட்டிக்கு முன்னால் நின்றாள். முதுகு தெரிந்தது. முழங்கை ஆடியது. 

“காலையில பெட்டிகிட்ட என்ன பண்ண?”

“தூசி தட்டினேன்.”

“தூசி தட்ட எதுக்கு ரெண்டு கை?”

“தூசி நிறைய இருந்துச்சு.”

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் தம்பியும் அக்கா புருஷனும் மாடி டாக்டரும் சேர்வதைப் புரிந்துகொள்ளலாம். வீட்டுக்குள்ளிருந்தே தாழ்ப்பாள் திறக்கிறது என்றால்? நேராகக் கேட்டுவிடலாம். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தெரியாததால் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவர் வேலையிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது, சமையலறையில் அவள் தாழ்ந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு நீங்கதான் போகணும். அவர் வந்து உக்காந்ததும் போயிடுங்க... பாதியில எழுந்து வர்ற வேலையெல்லாம் வேண்டாம். அவருக்குத் தெரியக் கூடாது.”

கேமராக்காரர் ஒற்றைச் செருப்போடு நின்றார். பிறகு அதையும் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, குழி வெட்டினார்.

அந்த ஊருக்குள் நுழைகிற எவனும் முதலில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். அந்த இடத்தில் ஆழமாகத் தோண்டி, சுவரை வழவழப்பான கல்லால் பூசினார். பிடித்து ஏறக் கையளவு இடுக்குகூட இல்லை. ஏணியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு விளிம்பில் காத்திருந்தார்.

விருந்தாளி வந்தான். தொப்பென்று விழுந்தான்.

“மாட்டினியா?” என்று தட்டினார். அவசரத்தில் மூன்று எழுத்துப் பிழை.

“குழி நல்லா இருக்கு. சுவர் ரொம்ப சுத்தம்,” என்று பதில் வந்தது.

“யார் அனுப்பினது?”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“சொல்ற வரைக்கும் ஏணி கிடையாது.”

“கொஞ்சம் சீக்கிரம் விடுங்க. இங்க ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கார்.”

“நீங்க டாக்டர்னு எனக்குத் தெரியும்!”

விருந்தாளி குழிக்குள் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றான். பக்கத்தில் பெட்டி உறுமியது. உள்ளறையில் கதவுக்குப் பின்னால் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். 

வாசல் மணி அடித்தது.

டாக்டரின் உதவியாளர் பெண் நின்றாள். ஒரு கையில் ரப்பர் கையுறை, மறு கையில் டாக்டரின் போன். போன் திரையில் ஒரு குழியின் அடிப்பாகம் தெரிந்தது.

“சார், டாக்டருக்கு அவசரமா ஒரு பல் புடுங்கணும். மீதி நேரத்துக்கு என்னை விருந்தாளியா இருக்கச் சொல்லிட்டாரு. எனக்குக் குழியில இருந்து ஏறத் தெரியல.”

கேமராக்காரர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். “இத பாரும்மா, ஒரே ஒரு பதில் சொல்லு, ஏணியே குடுக்கறேன். என் ஊரை எப்பப் புடிக்கறதா இருக்காங்க?”

அவள் அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

“அதை யாரு சார் புடிக்கப் போறா? உங்க பெட்டியிலயே இன்னொரு வாசல் போட்டு மேடம் ஆரம்பிச்ச ஊர்லதான் நாங்க எல்லாரும் இருக்கோம். உங்க ஊர் காலியா கிடந்தா மனசு விட்டுருவீங்களேன்னு தினம் ஒரு ஆளை இங்க உக்கார அனுப்பறதே மேடம்தானே!”