பொறுப்பானவர்: எண் ஒன்று

"பந்தையும் தொடமாட்டே, பயிற்சியும் குடுக்கமாட்டே. அப்புறம் எதுக்குடி உனக்கு அந்த டிராக்சூட்?" என்று என் அம்மா பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான். நான் ஒரு பெண்கள் கால்பந்து அணியின் மேலாளர். பேருந்து ஏற்பாடு செய்வது, விடுதி அறைச் சாவிகளைப் பங்கிடுவது, சலவைக்குப் போன காலுறைகள் ஜோடியாகத் திரும்பி வருகின்றனவா என்று பார்ப்பது என்றுதான் ஆரம்பித்தேன். காலுறை எண்ணி யாரும் பெரிய ஆளானதில்லை. நான் முன்னுக்கு வந்தது தோல்வியால்.

எங்கள் சங்கச் செயலாளர் ஒரு வருடம் ஆலோசகர் ஒருவரைப் பிடித்து வந்தார். அந்த வருடம் எல்லாச் சங்கங்களும் ஓர் ஆலோசகரை வைத்திருந்தன, நாமும் வைத்துக்கொள்ளாவிட்டால் நன்றாக இருக்காது. அவர் வெள்ளைப் பலகையில் நான்கு வண்ணங்களில் வட்டங்கள் போட்டு, தோல்வி என்று ஒன்று கிடையாது, கற்றல் மட்டுமே உண்டு என்றார். நாங்கள் பயபக்தியோடு குறித்துக்கொண்டோம். அந்தப் பருவத்தில் தொடர்ந்து பதினொரு முறை கற்றோம்.

ஒவ்வொரு கற்றலுக்குப் பிறகும் மறுநாள் மதியத்துக்குள் நான்கு பக்க 'மூலகாரண ஆய்வறிக்கை' சமர்ப்பிக்கப்பட வேண்டும். அதில் ஒன்பதாவது கட்டம், 'பொறுப்பான வீராங்கனையின் சட்டை எண்'. முதல் தடவை பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். தொண்ணூறு நிமிடமும் கோல் அடிக்காத முன்கள வீராங்கனையின் மாமா, சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். அணித் தலைவி சண்டைக்கு வருவாள். பயிற்சியாளருக்குச் சட்டை எண் கிடையாது. பந்து கடைசியாக யாரைத் தாண்டிப் போனது என்று பார்த்தால் கோல்கீப்பரை. அவள் வாயே திறக்காத பெண். கோல்கீப்பருக்கு எந்த அணியிலும் சட்டை எண் ஒன்றுதான். '1' என்று எழுதினேன். எழுதுவதும் சுலபம், ஒரே கோடு.

என் அறிக்கையைச் செயற்குழுவில் வாசித்துப் பாராட்டினார்கள். ரசிகர்களும் கோல்கீப்பரைத்தான் திட்டினார்கள், பத்திரிகையும் அப்படியே எழுதியது. ஆக, என் ஆய்வுக்குப் பொதுமக்கள் ஆதரவும் இருந்தது. மூன்றாவது கற்றலிலிருந்து ஆட்டத்துக்கு முன்பே அறிக்கையை எழுதி வைத்துவிட்டு, கோல் கணக்கை மட்டும் பிறகு நிரப்பப் பழகிக்கொண்டேன்.

பன்னிரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்துத் தொலைத்தோம். அந்தப் பெண் இரண்டு பெனால்டிகளைப் பாய்ந்து தடுத்தாள். எல்லாரும் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நானும்தான் கட்டிக்கொண்டேன், தோளில் தொங்கிய பையில் அவளைப் பற்றிய பன்னிரண்டாவது அறிக்கையோடு.

மறுநாள் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். வெற்றிக்குப் படிவம் இல்லை என்பது அவர் கவலை.

"இதை ஏன் முன்கூட்டியே தெரிவிக்கலை?"

"ஜெயிப்போம்னு எனக்கே தெரியாது சார்."

"அப்ப நம்ம கட்டுப்பாட்டுல இல்லாம நடந்திருக்கு" என்று சொல்லி, 'எதிர்பாராத நிகழ்வு' என்று கோப்பில் பதிவு செய்தார். கையோடு இன்னும் இரண்டு முடிவுகளையும் தெரிவித்தார். என்னைத் தலைமை மேலாளர் பதவிக்குப் பரிந்துரைக்கிறார்கள். பதினொரு தோல்விக்குப் பொறுப்பான எண் ஒன்றின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை.

சாயங்காலம் பயிற்சி முடிந்து அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். கையுறைகளைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"அக்கா, எல்லாருக்கும் ஒப்பந்தம் வந்திருச்சு, எனக்கு வரலை. தங்கச்சியை இங்கேயே ஸ்கூல்ல சேர்த்துட்டேன். நீங்க எழுதினா கேப்பாங்களாமே. ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா."

நான் எழுதியதைக் கேட்டுத்தான் இப்படி ஆனது என்று அவளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. நேராகச் செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எழுத்திலும் கொடுத்தேன்.

"தப்பு என்னோடது சார். ஒன்பதாவது கட்டத்துல என்னைப் போட்டுக்கங்க."

"உங்க சட்டை எண் என்ன?"

"எனக்கு ஏது சார் சட்டை எண்?"

"அப்ப எப்படிம்மா போடறது?" அவர் குரல் உண்மையிலேயே கனிந்திருந்தது. "ஆனா தப்பை ஒத்துக்கற மனசு இருக்கு பாருங்க, அதுதான் தலைமைப் பண்பு."

என் கடிதத்தைப் பதவி உயர்வுக் கோப்பில் சான்றாக இணைத்துக்கொண்டார். அப்போதே வேலையை விட்டெறிந்திருக்கலாம். புதிய அறையைப் போய்ப் பார்த்தேன். சுழல் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த பருவத்தில் அவள் வேறோர் அணிக்காக எங்களை எதிர்த்து நின்றாள். ஏழு தடவை கோலை நோக்கி அடித்தோம், ஏழையும் பிடித்தாள். நாங்கள் ஒரு கோல் வாங்கிக் கற்றோம். அன்று எதையும் முன்கூட்டி எழுதாமல், மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து எழுதினேன். 'பொறுப்பானவர்: எண் ஒன்று, எதிரணி.' என் பணிக்காலத்தில் நான் எழுதிய ஒரே உண்மையான அறிக்கை அதுதான். பொறுப்பானவர் நமது அணியைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும் என்ற குறிப்போடு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது.

'எதிரணி' என்பதை மட்டும் கோடு போட்டு அடித்தேன். மற்றபடி எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எங்கள் புதிய கோல்கீப்பர் சாதுவான பெண். பந்துகளை எல்லாம் பொறுக்கி வலைப்பையில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் நல்லா ஆடினேனா?"

"ரொம்ப நல்லா ஆடினேம்மா" என்று சொல்லி, படிவத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.