தலவாக்கலையில் நான் காலமான பிற்பகல்

தன் மரண வீட்டில் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நான் கற்ற நூல்கள் எதிலும் வழிகாட்டல் இல்லை. எனினும் அன்று நடந்தவற்றுக்கு என் கல்வியைக் குறை சொல்ல மாட்டேன். குறை முழுவதும் என் ஒழுங்குக்கு உரியது.

என் மனைவி காலமாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கல்லூரி அதிபராக இருந்து ஓய்வுபெற்ற நான், இறுதிக் கிரியைகளை நேரம் தவறாமல் நடத்தி, வந்தோர் அனைவருக்கும் நன்றி கூறி, மறுவாரமே வழமைபோல் பத்திரிகை வாசிக்கத் தொடங்கினேன். கொழும்பில் வேலை பார்க்கும் என் மகள் நிர்மலாவை அச்சுறுத்தியது அதுதான்.

"அம்மா சாவு வீட்ட பரிசளிப்பு விழா மாதிரி நடத்துனீங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. தனியா இருந்தீங்கன்னா ஒரு நாள் வெடிச்சிருவீங்கப்பா. எங்கூட வந்துருங்க."

மறுத்தேன். அவள் நிபந்தனை விதித்தாள். தலவாக்கலைக்கு அருகே தேயிலைத் தோட்டத் துரையின் பழைய பங்களா ஒன்றை நலவாழ்வு விடுதியாக்கியிருந்தார்கள். தாய்லாந்து மசாஜ், பௌத்த தியானம் எல்லாம் உண்டு. வார இறுதியை அங்கே அமைதியாகக் கழித்துவிட்டால் நான் ஹட்டனில் என் வீட்டிலேயே இருக்கலாம். ஏதாவது ரகளை என்றால் கொழும்பு. (ரகளையா? நானா?) என் மனைவி வைத்த இடத்தில் வைத்தபடி எல்லாம் இருக்கும் வீடு அது. அதைப் பூட்டிவிட்டு வர என்னால் இயலாது. பெட்டியைக் கட்டினேன்.

தாய்லாந்திலிருந்து வந்திருந்த அம்மையார் சிறிய உருவினர். என் முன்னால் ஆசிரியர்களே உட்காரத் தயங்கிய காலம் உண்டு. அவர் என் முதுகின்மேல் முழங்காலிட்டார். என் வலக்காலை, அது அதுவரை சென்றிராத திசைக்கு அழைத்துச் சென்றார். பிறகு தாடையைத் தொட்டவர், கல்லைத் தொட்டதுபோல் கையை எடுத்தார். (நான்கு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் போலும்.) சூடான மூலிகை ஒத்தடத்தை வைத்து, தாடையை வெள்ளைத் துணியால் உச்சந்தலையோடு சேர்த்துக் கட்டினார். பாதங்களுக்கிடையே இன்னொரு பொதி. அது நழுவாதிருக்க இரு பெருவிரல்களையும் சேர்த்து ஒரு கட்டு. கண்களில் ஈரப் பஞ்சு. கழுத்துவரை வெள்ளைப் போர்வை. தலைமாட்டில் விளக்கும் ஊதுபத்தியும்.

வாசகருக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை; நான் முதுகலைப் பட்டதாரி.

அடுத்து, அதே கோலத்தில் தியானம். வெள்ளுடை உடுத்திய சிங்கள ஆசிரியர் சமன் விதியைச் சொன்னார்: மணி அடித்ததும் தொடங்கும், மீண்டும் அடிக்கும்வரை அசையவும் கூடாது, பேசவும் கூடாது. ஒலி கேட்டால் 'ஒலி' என்று மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மணியை மதிக்கும்படி தலைமுறைகளை மிரட்டி வளர்த்தவன் நான். மணி அடித்தது. கிடந்தேன்.

அப்போதுதான், பூ வைக்க வந்த செல்லம்மா என்ற பெண் கண்ணாடி யன்னல் வழியே என்னைப் பார்த்திருக்கிறார். கீழ்த் தோட்டத்தில் என் மனைவியின் தங்கை பாக்கியம் வசிக்கும் லயத்தின் வரிசை வீடுகளில்தான் அவரும் இருந்தார். பூவைப் போட்டுவிட்டு நேரே, பாக்கியம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்கு ஓடியிருக்கிறார். தோட்டத்தில் சாவு என்றால் மலையில் வேலை நின்றுவிடும்.

முதலில் தப்பு மேளம் கேட்டது. யாரோ பாவம் என்று எண்ணி, 'ஒலி' எனக் குறித்துக்கொண்டேன். மேளம் மேட்டில் ஏறியது. 'நெருங்கும் ஒலி.' கதவு திறந்தது.

"அத்தான்! அக்கா போயி நாலு மாசந்தானே ஆச்சு! அவளுக்குத் தொணை வேணும்னு கெளம்பிட்டீங்களா!"

பாக்கியத்தின் குரல். எழுந்திருக்கலாமே என்பீர்கள். மணி அடிக்கவில்லை.

ஒப்பாரியை நடுவே நிறுத்திய பாக்கியம், சாதாரணக் குரலில், "யாருடி வாய்க்கட்டு கட்டுனது? மொயல் காது மாதிரி முடிச்சுப் போட்டிருக்காங்க" என்றார்.

"இந்தச் சிங்கள ஐயாவாத்தான் இருக்கும் அக்கா. பாரு, வெள்ள உடுத்திக்கிட்டு மொத ஆளா வந்து நிக்கிறாரு. துக்கத்துல பேச்சே வரல" என்றார் செல்லம்மா.

(சமன் உதட்டில் விரலை வைத்து அமைதி வேண்டிக்கொண்டிருந்தாராம். அங்கு தங்கியிருந்த ஜெர்மன் தம்பதி, இதுவும் நிகழ்ச்சியில் அடக்கம் என்றெண்ணி, கைகூப்பி என் காலடியில் அமர்ந்துவிட்டார்களாம்.)

பாக்கியம் மீண்டும் குரலெடுத்தார். "வாய் தொறந்து ஒரு வார்த்த ஆசையா சொல்ல மாட்டாருடின்னு அக்கா சிரிப்பா. ஆனா அவ வீட்டுக்கு வர லேட்டானா, சோத்துத் தட்ட மூடி வச்சிக்கிட்டுப் பசியோட குந்தியிருப்பாருன்னுவா. இந்த நாலு மாசமா யாருக்குத் தட்ட மூடி வச்சீங்க அத்தான்!"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது: அவளுக்குத்தான், ஒவ்வோர் இரவும்.

'ஈரம்' என்று குறித்துக்கொண்டேன். அது பஞ்சின் ஈரமல்ல. காதோரம் வழிந்தது. பிறகு போர்வை என் அனுமதியின்றி ஏறி இறங்கத் தொடங்கியது.

"ஐயோ, பொணம் அழுவுது!"

அறை காலியாயிற்று. மேளக்காரர் மேளத்தை ஜெர்மானியரின் மடியில் போட்டுவிட்டு முற்றத்துத் தாமரைத் தொட்டியைத் தாண்டினார், தாண்டியதாக எண்ணினார். நிலைமையைக் கட்டுப்படுத்த வேறு வழியறியாத சமன் மணியை அடித்தார். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

வந்தவர்களில் பாக்கியம் மட்டும் ஓடவில்லை. "உசுரோடதான் கெடந்தீங்களா? நான் தொண்ட கிழிய அழுவுறத கேட்டுக்கிட்டா?"

"மணி அடிக்கல" என்றேன். வாய்க்கட்டினால் அது அவருக்கு விளங்கவில்லை. அழுகையை எப்படி நிறுத்துவது என்பது எனக்கு விளங்கவில்லை; பழக்கமில்லை. பாக்கியம் கையிலிருந்த மாலையால் என் தோளில் ஓங்கி அடித்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதார். இம்முறை ராகம் இல்லை.

சாவுச் செய்தி கேட்டுப் புறப்பட்ட நிர்மலாவை, நான் உயிரோடிருக்கும் செய்தி வழியில்தான் எட்டியது. இரவில், நான் இருந்த பாக்கியத்தின் லயத்துக்கு வந்து சேர்ந்தாள். இதை ரகளையல்ல என்று வாதிட எனக்கு முகமில்லை.

"பெட்டி ரெடியா இருக்கும்மா. சொன்ன சொல்லு சொல்லுதான். கொழும்புக்கு வாறேன்."

அவள் என் வீங்கிய கண்களைப் பார்த்தாள். "அழுதீங்களாப்பா?"

"செத்ததுக்கப்புறந்தான்" என்றார் பாக்கியம், தேத்தண்ணியை நீட்டியபடி.

நிர்மலா சிரிக்க முயன்று, முடியாமல், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெட்டிய ஹட்டனுக்கே கொண்டு போங்கப்பா" என்றாள்.

ஹட்டனில்தான் இருக்கிறேன். குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், புதியவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும் உரிமையைப் பாக்கியம் எடுத்துக்கொண்டுவிட்டார்:

"இவருதான் எங்க அத்தான். இவருக்கு நான் அழுது முடிச்சாச்சு. இனி நெசமாவே போனாருன்னா வேற ஆள பாத்துக்கட்டும்."