வாத்தியாருக்கு ஒரு திருட்டு வேண்டும்

"ஒரு சின்னத் திருட்டுகூடவா இல்ல?" என்று வாத்தியார் மறுபடியும் கேட்டார்.

காவல் நிலையத்து ஏட்டு கையை விரித்தார். "இல்ல சார்."

"சைக்கிள்?"

"இல்ல."

"கொடியில காயப்போட்ட துணி?"

"ஒரு சட்டை காணோம்னு ஒரு அம்மா வந்தாங்க. அப்புறம் பாத்தா காத்துல பறந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கு. அவங்களே மடிச்சுக் கொண்டுவந்து குடுத்துட்டாங்க."

வாத்தியார் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். ஊரில் திருட்டு இல்லையே என்று வருத்தப்பட்ட ஒரே நல்ல மனிதர் அவராகத்தான் இருப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். காலமெல்லாம் கணக்குப் பாடம் நடத்திய வேலையை உதறிவிட்டு நிற்கிறார். அவருக்குக் கொள்கை இரண்டுதான்: எல்லாருக்கும் கல்வி, ஊரில் குற்றத்தைக் குறைப்பது. இரண்டையும் சேர்த்து, 'எழுத்து ஏறினால் குற்றம் இறங்கும்' என்று சுவர் சுவராக ஒட்டியாகிவிட்டது. ஒட்டி முடித்துப் பார்த்தால், இறக்குவதற்குக் குற்றத்தைக் காணோம்.

வேலையை விட்டபோது ஊர் இப்படி இல்லை. சைக்கிள் போகும், மோட்டார் போகும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிகூடப் போகும். அதைப் பார்த்துப் பொங்கித்தான் வாத்தியார் களத்தில் குதித்தார். அவர் குதித்த கொஞ்ச நாளில் திருட்டு நின்றுவிட்டது. அந்தப் பெருமையை, இப்போதைய உறுப்பினரான லாட்ஜ்காரர் அலுங்காமல் எடுத்து வைத்துக்கொண்டார். "என் தொகுதியில திருட்டே கிடையாது! கணக்கு வாத்தியாருக்கு இங்க என்ன வேலை?" என்று வேனில் மைக் வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை நூலக மண்டபத்தில் இருவரும் மக்கள் முன்னால் நேருக்கு நேர் பேச வேண்டும். அங்கேயும் இதையே கேட்டால் வாத்தியாரிடம் பதில் இல்லை. வேலையும் போய், வோட்டும் போய், கடைசியில் சிரிப்புதான் மிஞ்சும்.

"பிரசாரமெல்லாம் நல்லா நடக்குதா சார்?" என்று ஏட்டு அக்கறையாக விசாரித்தார். "வெயில்ல உடம்பப் பாத்துக்குங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா எங்களுக்குத்தான் கஷ்டம்."

போலீஸ்காரருக்குத் தன் மேல் இத்தனை பாசமா என்று வாத்தியார் நெகிழ்ந்துதான் போனார். ஆனால் பாசத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

வீட்டில் மைத்துனன் காத்திருந்தான். மனைவியின் தம்பி. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அக்காள் புருஷன் தேர்தலில் நின்றதும், யாரும் கேட்காமலே பிரசாரப் பொறுப்பாளர் ஆகிவிட்டவன். யோசனைக்கு அவனிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

"திருட்டு நடக்கலன்னா நடக்க வைப்போம் அத்தான். உங்க ஸ்கூட்டர சாவியோட மார்க்கெட்ல நிறுத்திட்டு வந்துருவோம்."

"அது மோசடி மாப்ளே."

"என்ன மோசடி? வண்டிய நிறுத்தறது நம்ம வேலை. எடுக்கறதும் எடுக்காததும் அவங்க இஷ்டம். நாம யாரையும் கையப் பிடிச்சா இழுக்கறோம்?"

வாத்தியாருக்கு இந்தக் கணக்கில் எங்கேயோ தப்பு இருப்பது தெரிந்தது. எந்த வரியில் என்றுதான் தெரியவில்லை. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் வண்டியைக் காணோம்! பல வருடமாகப் பார்க்காத நண்பனைப் பார்த்ததுபோல மனம் குளிர்ந்தது. புகார் கொடுக்க ஓட்டமும் நடையுமாகக் காவல் நிலையத்துக்குக் கிளம்பினார்.

பாதி வழியில் வண்டி எதிரே வந்தது. ஓட்டி வந்தது நெட்டை. அவருடைய பிரசாரத் தொண்டர்களின் தலைவன்.

"என்ன சார், சாவிய வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க? நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு. வேற எவன் கண்ணுலயாவது பட்டிருந்தா?"

"ஆமாம்ப்பா" என்றார் வாத்தியார், அழாக்குறையாக.

"பெட்ரோலும் போட்டுட்டேன் சார். கண்ணாடியையும் தொடச்சுட்டேன்."

நெட்டையும் அவனுடைய கூட்டாளிகளும் பிரசாரத்தின் முதல் வாரத்தில் தாங்களாகவே வந்து சேர்ந்தவர்கள். எல்லாம் நாற்பதைத் தொட்ட ஆட்கள். "வேலை இருக்கா சார்?" என்று கேட்டார்கள். வாத்தியார் பூர்வீகமெல்லாம் கிளறவில்லை. இருக்கிறது என்றார். ஏணி இல்லாமல் இரண்டாம் மாடிச் சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள். எந்தத் தெரு நாயும் அவர்களைப் பார்த்துக் குரைக்காது. எந்த வீட்டில் எப்போது ஆள் இருக்கும், எந்த வீடு பூட்டிக் கிடக்கும் என்பதெல்லாம் விரல் நுனியில். அவர்களால் வீடு வீடாக வோட்டுக் கேட்பது வாத்தியாருக்கு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஆயிற்று.

ஒரே ஒரு குறை. முதல் நாள் போஸ்டர் அத்தனையும் தலைகீழாக ஒட்டிவிட்டு வந்தார்கள். படிக்கத் தெரியாது. கல்வி, கல்வி என்று கத்துகிற ஆளின் தொண்டனுக்கே எழுத்து தெரியாவிட்டால் ஊர் எதால் சிரிக்கும்? மறுநாளிலிருந்து வாத்தியார் வீட்டு வாசலில் காலையில் பாடம், பிறகுதான் பிரசாரம் என்று ஆகிவிட்டது. வளர்ந்த ஆண்கள் சிலேட்டும் கையுமாக வரிசையாக உட்கார்ந்து எழுதுவதைப் பார்க்கும்போது வாத்தியாருக்குத் தேர்தலே மறந்துபோகும். இப்போது செய்தித்தாள் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். நெட்டைக்குப் 'பூங்கா' என்ற சொல் இன்னும் இடறுகிறது. 'முன்ஜாமீன்' மட்டும் தண்ணீர் பட்ட பாடாக வருகிறது.

"ஸ்கூட்டர் சரிப்படாது அத்தான். வீட்டையே திறந்து போட்டுட்டுப் போயிருவோம்" என்றான் மைத்துனன் அன்று சாயங்காலம்.

"என் டிவி போச்சுன்னா உன் தோல உரிச்சுருவேன்" என்றாள் வாத்தியாரின் மனைவி. கடைத்தெருவில் மருந்துக் கடை வைத்திருப்பவள். தேர்தல் ஜுரத்துக்கு மட்டும் தன் கடையில் மருந்து இல்லையே என்று அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வாள்.

ஆனாலும் மறுநாள் மூவரும் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தால் வீடு பூட்டியிருந்தது. அதுவும் புத்தம் புதிய பெரிய பூட்டு. வாசற்படியில் நெட்டை உட்கார்ந்து செய்தித்தாளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"கதவு திறந்தே கிடந்துச்சு சார். மனசு கேக்கல. நானே பூட்டு வாங்கிப் பூட்டிட்டு இங்கயே உக்காந்துட்டேன். பழைய பூட்டு வேண்டாம் சார், அது தட்டினாலே திறந்துக்கும்."

மனைவி அவன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். "இந்த வீட்டுல பொறுப்பான ஆம்பள இந்த ஒருத்தர்தான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை லாட்ஜ்காரரின் வேன் தெருவில் வந்தது. "அருமை மக்களே! வாத்தியாரே தன் வீட்டக் கூடத் திறந்து போட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போறார்! நம்ம தொகுதி அவ்வளவு பத்திரம்! இத விடவா எனக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்?"

வாசலில் பாடம் நின்றது. நெட்டை சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா சார்?" என்றான்.

"இல்லப்பா. நீ எழுது" என்றார் வாத்தியார்.

சனிக்கிழமை மத்தியானம் மைத்துனன் காதோடு காதாகச் சொன்னான்: "கடைசி வழி அத்தான். நம்ம பிரசார ஆபீஸ்ல இருக்கற மைக் செட்ட நானே எடுத்துட்டுப் போயிடறேன். தொண்டருங்க சாப்பிடற நேரம். தேர்தல் முடிஞ்சதும் கிடைச்சுருச்சுன்னு சொல்லிக்கலாம்."

வாத்தியார் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார். நூலக மண்டபமும் அதில் சிரிக்கப்போகிற முகங்களும் கண்ணில் வந்தன. வாயை மூடிக்கொண்டார். மௌனம் சம்மதம் என்று மைத்துனன் துண்டை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரே ஆரவாரம். வாத்தியார் எட்டிப் பார்த்தார். அவருடைய பிரசாரக் கொடிகள் கோத்த கயிற்றாலேயே கைகால் கட்டப்பட்டு, மைத்துனன் தொண்டர்களின் தோளில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தான். முகத்தை மூடியிருந்த துண்டு வாய்க்குள்ளும் புகுந்து அடைத்திருந்ததால் நான் இன்னார் என்று சொல்லவும் வழியில்லை.

"திருடன் சார்!" என்று நெட்டை பூரித்துப்போய்க் கத்தினான். "சுத்த மடையன். ஜன்னல்ல ஒரு கால விட்டுட்டு மறு கால எங்க வைக்கறதுன்னு தேடிட்டிருக்கான். அந்த வழியா முதல்ல தலைதான சார் போகணும்?"

வாத்தியார் மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார். தொண்டர்கள் மைத்துனனைக் காவல் நிலையத்து வாசலில் இறக்கி வைத்தார்கள். உள்ளே வாருங்கள் என்று ஏட்டு கூப்பிட்டும் ஒருவரும் படியேறவில்லை. "நாங்க இங்கயே நிக்கறோம்" என்று வேப்ப மரத்தடிக்கு ஒதுங்கிக்கொண்டார்கள்.

உள்ளே துண்டை அவிழ்த்ததும் மைத்துனன் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா!"

"டேய், நீயாடா?" அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "இது உங்களுக்குத் தெரியுமா?"

வாத்தியாருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஸ்கூட்டரிலிருந்து மைக் செட் வரை ஒன்று விடாமல் ஏட்டிடம் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல அவமானத்தில் காது சுட்டது. எத்தனை பையன்களைக் காப்பியடித்ததற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார்! இன்றைக்கு அவரே திருட்டுக்குத் துணை போய் நிற்கிறார். தோற்பதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வாசலில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்பதுதான் பெரிதாக இருந்தது.

ஏட்டு ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். "விடுங்க சார். உங்க மைக், உங்க மச்சினன். இதுல நான் எங்க கேஸ் போடறது?"

"கேஸ் இல்லன்னாலும் தப்பு தப்புதான்" என்று வாத்தியார் எழுந்தார். "லாட்ஜ்காரர் சொல்றது சரி. குற்றமே இல்லாத ஊருக்கு என்னை மாதிரி ஆள் எதுக்கு? நாளைக்குக் கூட்டத்துக்கும் போகல. இன்னையோட பிரசாரம் முடிஞ்சது. பாடமும் வேண்டாம். அந்தப் பசங்கள எல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிடறேன்."

வாசலை நோக்கி நடந்தவரின் கையை ஏட்டு தாவிப் பிடித்தார். வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஐயோ சார், அத மட்டும் செஞ்சுடாதீங்க! இந்த ஊர்த் திருடங்க அத்தனை பேரும் உங்க வாசல்லதானே உக்காந்து 'அ, ஆ' எழுதறாங்க!"