மைனாவுக்கு வருகைப்பதிவு

இந்தக் கோடையில் ஏசி மாட்டியே தீருவது என்று டைம்கீப்பர் சபதம் போட்டுவிட்டார். பெட்டி ஹாலுக்கு வந்தாயிற்று. செவ்வாயிலிருந்து நான்கு நாள் லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வருவதாக மெக்கானிக்கும் சொல்லிவிட்டான். இடைஞ்சல் ஒன்றுதான். படுக்கையறைச் சுவரில் ஏசி குழாய்க்காக விட்டிருந்த ஓட்டையில் மைனா ஜோடி ஒன்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கூட்டில் மூன்று குஞ்சுகள்.

“கம்பியை விட்டு நெம்பினா ரெண்டு நிமிஷ வேலை” என்றார் திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது.

“தாராளமா எடுங்க” என்றாள் மனைவி.

அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இவ்வளவு மலிவாகச் சம்மதம் கிடைத்ததில்லை.

“நெஜமாத்தான் சொல்றியா?”

“நான் ஏங்க குறுக்க நிக்கறேன்? ஆனா தாய் மைனா உள்ள இருக்கறப்ப கைய விட்டீங்க, மூஞ்சிய கொத்திடும். அது எப்ப போகுது, எப்ப வருதுன்னு மூணு நாள் எழுதி வெச்சுக்குங்க. நேரம் குறிக்க உங்களை விட்டா யாரு?”

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. ஆலை வாசலில் நானூறு பேருக்கு வருகை போடுகிறவர். ஒரு நிமிஷம் பிந்தினால் சொந்த மைத்துனனுக்கும் சிவப்பு மைதான்.

செவ்வாய் காலை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். 6.10 வெளியே. 6.14 உள்ளே, புழுவுடன். 6.15 வெளியே.

மத்தியானம் சமையலறைக்கு ஓடி வந்தார். “ஏய், சாப்பாட்டு இடைவேளையே எடுக்க மாட்டேங்குதுடி!”

“அப்படியா?” என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

புதன்கிழமை, “அப்பன்காரன் பதினோரு நிமிஷம் லேட்டு. சிவப்பு மை போட்டுட்டேன்.”

“பாவம், தூரமா போயிருக்கும்.”

“காரணமெல்லாம் நம்மகிட்ட நடக்காது.”

ஆனால் சற்று நேரத்தில் பிளேடை எடுத்து அந்தச் சிவப்பைச் சுரண்டினார். உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் அவர் செய்யாத காரியம்.

வியாழக்கிழமை தாயை முக்கால் மணி நேரம் காணோம். குஞ்சுகள் கத்தின. டீ ஆறிப் போனது. டைம்கீப்பர் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்தார். பூனை ஏதாவது பிடித்திருக்குமோ? பெரிய வெட்டுக்கிளி ஒன்றைக் கவ்விக்கொண்டு அது வந்து இறங்கியதும், “வந்துட்டா!” என்று தெருவே கேட்கக் கத்தினார்.

சாயங்காலம் மாடிப்படியில் ஒளிந்து நின்று மெக்கானிக்குக் குசுகுசுவென்று போன் போட்டார்.

“தம்பி, நாளைக்கு வராதப்பா. எனக்கு உடம்பு சரியில்ல. ஒரு மாசம் போகட்டும்.”

“என்ன சார், திங்கக்கிழமையே அக்கா அடுத்த மாசத்துக்கு மாத்திட்டாங்களே. உடம்பு சரியில்லன்னு சார் போன் பண்ணுவாரு, சரின்னு கேட்டுக்கப்பான்னும் சொன்னாங்க.”